பொமேலி என்று ஒரு படகு

எங்கள் கரைக்கு வந்தால் கடற்றொழிலாளரின் வாடிக் கொட்டில்களுக்கு முன்னால் ஒரு நீலப் படகு கிடக்கும். பெயர் பொமேலி. அது எந்த அம்மன், எந்த வெளிநாட்டுக்காரி என்று என்னிடம் கேட்காதீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பொமேலி என்றால் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையிலும் அப்படி ஒரு சொல் கிடையாது. கிடையாது என்பதற்காகவே அந்தப் பெயரை வைத்தது.

படகு என் அண்ணர் தியாகலிங்கத்துடையது. நான் நாகேஸ்வரி. வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக எழுத்து வேலை பார்க்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் இந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டும், மூட வேண்டிய இடத்தில் திறந்துகொண்டும் இருந்திருக்கிறேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அண்ணருக்கு நாற்பத்தைந்து வயது. கடலில் அவர் கெட்டிக்காரர். காற்று திரும்புமா திரும்பாதா என்று மற்றப் படகுக்காரர் வானத்தைப் பார்க்க முதல் அவருடைய முகத்தைப் பார்ப்பார்கள். மீன் கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை ஒருக்கால் கேட்டால் போதும், ஆயுளுக்கும் மறக்கமாட்டார். ஆனால் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒளிக்க உதவி செய்தவளே நான்தான்.

எங்களுக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம். எண்பத்தேழில் சண்டையால் இடம்பெயர்ந்து போன இடத்தில் இரண்டு மூன்று வகுப்பை ஒரு கொட்டிலுக்குள் இருத்திப் படிப்பித்தார்கள். அண்ணரும் நானும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். காலையில் நடந்து போகும்போது அன்றைய பாடத்தை நான் ஒருமுறை சத்தமாக வாசிப்பேன். அவர் வழியில் கிடக்கிற கல்லைக் காலால் எற்றிக்கொண்டு வருவார். வகுப்பில் வாத்தியார் எழுப்பினால் புத்தகத்தைப் பிடித்து, விரலை வரிக்குக் கீழே ஓட்டி, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடிப்பார். எனக்கு அப்படிப் பெருமையாக இருக்கும். ஒருநாள் நான் காய்ச்சலில் போகவில்லை. அன்று அவரிடம் புதுப் பாடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பழைய பாடத்தைச் சொல்லியிருக்கிறார். பிரம்பு முறியும் மட்டும் அடித்து, மூளை இல்லாத மொக்கன் என்று பெயரும் வைத்து அனுப்பினார்கள். ஆறாம் வகுப்போடு ஐயாவுடன் கடலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நான்தான் அவருடைய கண். சங்கத்துக்கு ஏதாவது படிவம் வந்தால் கவுண்டரில் வந்து நின்று, "நாகேஸ், கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். உதிலை என்ன போட்டிருக்கெண்டு பார்" என்பார். நான் வாசிப்பேன். அவர் தலையாட்டுவார். அவரிடம் ஒருநாளும் கண்ணாடி இருந்ததில்லை. போனில் எல்லாருடைய எண்ணுக்கும் படம் போட்டு வைத்திருக்கிறார். என்னுடைய எண்ணுக்கு மை கக்கும் கணவாய் மீனின் படம். எந்நேரமும் என் கையில் மையாம். பகிடியைப் பாருங்கள்.

கலியாணம் முடித்து ஏழு வருடத்துக்குப் பிறகு அவருக்கும் அண்ணி கஜந்தினிக்கும் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஆரபி. எங்கள் வீட்டுக்கு ஒரேயொரு பிள்ளை. அண்ணர் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போவார். அவள் நாலு வயதிலேயே படகுகளைக் காட்டிக் காட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். "கடற்செல்வி. முருகன் துணை. சிவசக்தி. மூன்று தம்பிகள்." ஒன்றும் பிழைக்காது. கரையில் இருந்து வலை தெரிந்து சிக்கெடுக்கிறவர்கள் கூப்பிட்டு வைத்து வாசிக்கச் சொல்லி ரொபி மிட்டாய் கொடுப்பார்கள். "உவள் கம்பசுக்குத்தான் போவாள், இருந்து பாருங்கோ" என்பார்கள். அண்ணரின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வலை நிறைய மீன் ஏறினாலும் அந்தச் சிரிப்பு வராது.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இரண்டிலும் ஆரபி முதலாம் பிள்ளை. புத்தகத்தை எடுத்தால் கடகடவென்று ஒப்பிப்பாள். பேச்சுப் போட்டியில் சான்றிதழ். அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். எனக்குள் எங்கேயோ ஒன்று உறுத்தும். அவள் பாடம் சொல்லும்போது விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பழைய வாங்கு ஞாபகம் வரும். சீ, வாயைக் கழுவு என்று என்னையே ஏசிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். நான் வாயை மூடிய முதல் இடம் அது.

பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். அந்த வருடம் சித்திரைப் பறுவத்துக்கு, அதுதான் பௌர்ணமிக்கு, முதல் லண்டனிலிருந்து பெயின்ற் வந்தது.

அனுப்பியவர் சோமசேகரம். முப்பத்தைந்து வருடத்துக்கு முதல் எங்கள் கரையை விட்டுப் போனவர். நல்ல மனுசன். எங்கள் கரையில் ஒவ்வொரு வருடமும் சித்திரையில் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம். பரம்பரையாக வந்த நிறம், மாற்றமாட்டார்கள். அந்த வருடம் சோமசேகரம் எல்லாப் படகுக்கும் தானே பெயின்ற் தருகிறேன் என்றார். வந்தது எல்லாம் ஒரே வான நீலம். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் ட்ரோன் வைத்து மேலேயிருந்து படம் எடுக்க வடிவாக இருக்குமாம். இலவசமாக வந்ததை யார் வேண்டாம் என்பது? இருபத்தாறு படகும் நீலமாயின. பெயின்றர் சிவரூபன் எல்லாவற்றிலும் வெள்ளையில் ஒரே அளவில் பெயர் எழுதினான்.

படம் எடுக்கிற அன்று சோமசேகரம் தொப்பியோடு வந்து இறங்கினார். கரையில் சனம். அண்ணர் ஆரபியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"எங்கடை பிள்ளை வாசிக்கிறதை ஒருக்காக் கேளுங்கோ."

சோமசேகரம் குனிந்து, "பிள்ளை, உது என்ன பேர்?" என்று ஒரு படகைக் காட்டினார்.

ஆரபி படகைப் பார்த்தாள். என்ஜினைப் பார்த்தாள். கயிறு கட்டியிருந்த விதத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தை மட்டும் அவள் பார்க்கவேயில்லை.

"கடற்செல்வி" என்றாள்.

அது முருகன் துணை. கரை முழுவதும் சிரித்தது. அடுத்ததைக் காட்டினார்கள். "சிவசக்தி" என்றாள். அது மூன்று தம்பிகள். இந்த முறை அவ்வளவு பேர் சிரிக்கவில்லை. பிள்ளை தகப்பனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"சிவரூபன் வடிவா எழுதேல்லை" என்றார் அண்ணர்.

சிவரூபனுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ன அண்ணை கதைக்கிறியள்? வெள்ளை வெளேரெண்டு எழுதிக் கிடக்கு. நீங்களே வாசிச்சுப் பாருங்கோவன்."

அண்ணர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அன்று காலையில் அவர் வந்து உரிமையோடு கைவைத்துக்கொண்டு நின்றது பக்கத்து வீட்டுக்காரரின் படகில் என்பதை நான் கண்டிருந்தேன். நிறம் போனதும் தகப்பனுக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை.

பின்னேரம் அண்ணரின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் இருந்தார். நேரே கேட்டேன்.

"அண்ணை, பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. அது உங்களுக்கு விளங்கினதோ இல்லையோ?"

"விசர்க்கதை கதைக்காதை. ரெண்டு வருசமா முதலாம் பிள்ளை."

"நீங்களும் ஒரு காலத்திலை ஒரு சொல் பிசகாமல் வாசிச்சனீங்கள்."

அவர் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. "என்ரை மூளை என்னோடை போகட்டும். அதை என்ரை பிள்ளையின்ரை தலையிலை கட்டாதை. போ, நாகேஸ். போ இஞ்சையிருந்து."

போனேன். அதன் பிறகு நாங்கள் முகம் பார்க்கவில்லை.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் நிலைமை மோசமாகிவிட்டது. மூன்றாம் வகுப்பில் பாடம் நீளம். ஒருமுறை கேட்டுப் பிடித்து வைக்கிற அளவில் இல்லை. சொல்வதெழுதலில் பத்துக்கு ஒன்று. முதலாம் பிள்ளையாக இருந்தவள் வேண்டுமென்று கள்ளம் செய்கிறாள் என்று வகுப்பாசிரியை பின் வாங்கில் இருத்திவிட்டார். காலையில் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து, சாப்பிட்டதெல்லாம் சத்தி. ஒருநாள் பள்ளிக்கூடம் போகாமல் என் சங்கத்துக்கு வந்து மேசைக்குக் கீழே இருந்துகொண்டு கேட்டாள்.

"மாமி, எனக்கு மூளை இல்லையோ?"

ஐயோ, முருகா. அந்தக் கேள்வியை முப்பத்தைந்து வருடத்துக்கு முதலே அண்ணர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஆள்தான் வேறு. இந்தப் பிள்ளையும் ஆயுள் முழுவதும் கண்ணாடியை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒருத்தியின் கவுண்டரில் நிற்கப் போகிறதா? நான் அன்றே விசாரிக்கத் தொடங்கினேன்.

பருத்தித்துறையில் ஜெசிதா என்று ஒரு ரீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. எழுத வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதற்கென்றே தனியாகப் பயின்றவர். சனிக்கிழமைகளில் வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பார். அண்ணிக்கு மட்டும் சொல்லிவிட்டு ஆரபியை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜெசிதா புத்தகத்தைத் தொடவேயில்லை. கதை கேட்பது மாதிரிக் கேட்டார். "ஆரபி, கதவு எண்டு சொல்லுங்கோ பாப்பம். சரி. இப்ப அதிலை முதல் சத்தத்தை எடுத்துவிட்டா என்ன மிச்சம்?"

ஆரபி நன்றாக யோசித்தாள். "ஓட்டை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெசிதா சிரிக்கவில்லை. ஒரு அட்டையை எடுத்து வைத்தார். அதில் தேகுமி என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு சொல்லே இல்லை. ஆரபி அட்டையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் கதிரையை அங்காலை திருப்பிப் போட்டிட்டு இருங்கோ" என்றார் ஜெசிதா. "உங்கடை வாய் அசையுது."

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. என் வாய் அசைவது எனக்கே தெரியாது. எத்தனை வருடமாக அசைந்துகொண்டிருக்கிறதோ. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னால் பிள்ளையிடமிருந்து சத்தமே வரவில்லை.

பிறகு ஆரபியை முற்றத்தில் விளையாட விட்டுவிட்டு ரீச்சர் என்னிடம் சொன்னார்.

"அக்கா, பிள்ளைக்கு மூளை இல்லாமல் இல்லை. இவ்வளவு ஞாபகசக்தி உள்ள பிள்ளையை நான் இன்னும் காணேல்லை. ரெண்டு வருசம் வாசிக்காமலே முதலாம் பிள்ளையா வாறதெண்டால் சும்மாவோ? அந்த ஞாபகம்தான் இவ்வளவு நாளும் எல்லாரையும் ஏமாத்திப்போட்டுது. பிள்ளையையும் சேர்த்து."

"அப்ப ஏன் வாசிக்க வருகுதில்லை?"

"கதைக்கிறது தானா வரும் அக்கா. குழந்தைக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. எழுத்து அப்பிடி வராது. அது மனிசர் செய்த சாமான். சொல்லுக்குள்ளை சத்தம் சத்தமாக் கிடக்குது எண்டு முதல் காதுக்கு விளங்க வேணும். பிறகு இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து எண்டு கட்ட வேணும். கன பிள்ளையளுக்கு அந்தக் கட்டு கெதியா விழுந்திடும். நாங்கள் கவனிக்கிறதே இல்லை. சில பிள்ளையளுக்கு ஒவ்வொண்டாக் கட்டிக் குடுக்க வேணும். ஆரபிக்குக் கதவு எண்டவுடனை கதவுதான் தெரியுது, சத்தம் தெரியேல்லை. சொல்லைப் படம் மாதிரி பிடிச்சு வைச்சிருக்கிறாள். அப்பிடி எத்தினை படம் பிடிக்கேலும்? ரெண்டு வருசம் பிடிச்சிட்டாள். இப்ப இடம் காணாது."

"அப்ப அந்தப் பொருளில்லாத சொல்லு?"

"பொருள் இருந்தா அவள் ஊகிச்சுப்போடுவாள். கெட்டிக்காரியல்லோ. ஒருத்தரும் ஒருநாளும் எழுதாத சொல்லெண்டால் எழுத்தைப் பார்க்கிறதைத் தவிர வேறை வழி இல்லை. அதை வாசிச்சாளெண்டால் உண்மையா வாசிக்கிறாள்."

"வருமோ ரீச்சர்?"

"வரும். நேரம் எடுக்கும். ஆனால் வரும்."

வரும் என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். கொண்டக்டர் பெடியன் என்ன வருத்தமோ என்று கேட்டான். வருத்தமில்லையடா, சந்தோசம் என்றேன். அவன் பயந்துபோய் அங்கால் போய்விட்டான்.

ஆனால் ஒரு களவும் செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "குடும்பத்திலை வேறை ஆருக்கும் உப்பிடி இருந்ததோ?" என்று ரீச்சர் கேட்டபோது இல்லை என்றேன். அண்ணரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. பழைய பழக்கம்.

நாலாவது சனிக்கிழமை பஸ் ஓடவில்லை. அண்ணி என்ன சொன்னாரோ, என்னோடு முகம் கொடுக்காத அண்ணர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ஆரபி நடுவில், நான் பின்னால். அப்படியே பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார். ஜெசிதா கண்டுவிட்டார்.

"அப்பாவும் வாங்கோ. வீட்டிலை தினமும் கால் மணித்தியாலம் ஆராவது பிள்ளைக்கு இந்த அட்டையளைக் காட்ட வேணும். நீங்கள் காட்டினால் நல்லம்." ஒரு அட்டையை அவரிடம் நீட்டினார். "இதை ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்."

அண்ணர் அட்டையை வாங்கினார். சேட்டுப் பையைத் தடவினார். "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நினைத்துத் திறக்கவில்லை, அது தானாகத் திறந்தது.

"கண்ணாடியோ? உங்களிட்டை எப்ப அண்ணை கண்ணாடி இருந்தது?"

அண்ணர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் ஆரபியைப் பார்த்தார். பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"எனக்கும் வாசிக்கத் தெரியாது, ரீச்சர்."

ஆரபிதான் முதலில் கேட்டாள். "அப்ப படகுப் பேரெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா?"

"நிறத்தைப் பார்த்துத்தான்."

"நானும் நிறத்தைப் பார்த்துத்தான்!" என்று கத்திக்கொண்டு எழும்பினாள். மாதக் கணக்காகச் சிரிக்காத பிள்ளை கையைக் கொட்டிச் சிரித்தாள். "லண்டன் மாமா எல்லாத்தையும் நீலமாக்கிப்போட்டார்! உங்களுக்கும் தெரியேல்லையோ?"

"எங்கடை படகையே தெரியேல்லை" என்றார் அண்ணர். அவரும் சிரித்தார். சிரிப்போடு கண்ணீர் வந்தது, துடைக்கவுமில்லை. எனக்கு நெஞ்சுக்குள் கிடந்த பெரிய பாரம் ஒன்று அன்றுதான் இறங்கியது.

"இது உங்கடை பிழையும் இல்லை, பிள்ளையின்ரை பிழையும் இல்லை" என்றார் ஜெசிதா. "கண் நிறம், மூக்கு வாறது மாதிரி சில குடும்பங்களிலை இதுவும் வரும். உங்களுக்கு அந்தக் காலத்திலை ஒருத்தரும் சத்தத்தைப் பிரிச்சுக் காட்டேல்லை. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொல்ல அண்ணருக்குத் தைரியம் வர இரண்டு கோப்பை பிளேன் ரீ தேவைப்பட்டது. அண்ணி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கலியாணம் முடிஞ்சு நாலாம் நாளே எனக்குத் தெரியும். கலியாண வாழ்த்து மடலைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நல்லா இருக்கெண்டு சொன்னனீங்கள். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பார்த்தன். பதினாறு வருசமாப் போச்சு."

எனக்குத்தான் கோபம் வந்தது. இவ்வளவு காலமும் நான் காத்து வைத்த இரகசியத்தை இந்த மனுசி நாலு நாளில் பிடித்துவிட்டாரே.

அடுத்த நாளே பிஸ்கற் பெட்டிகளை வெட்டி அட்டை செய்தோம். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் பாடமாக்கச் சொல்லி ரீச்சர் சொல்லவில்லை. பாடமாக்கினால் ஆரபி ஒரு நாளில் பாடமாக்கிவிடுவாள், பிறகும் பழைய கதைதான். சத்தத்தைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எழுதிக்கொண்டே சொல்ல வேண்டும். பின்னேரத்தில் வாடிக்கு முன்னால் அண்ணர் வலை தெரிந்துகொண்டு இருப்பார், பக்கத்தில் அண்ணி காட்டுகிற அட்டையைப் பார்த்துப் பிள்ளை மணலில் விரலால் எழுதுவாள். பொருளில்லாத சொற்கள். மூசேபு. தொகீரி. லெமாடு. வலைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். "தியாகு அண்ணை, உதென்ன பாஷை? சீனாவுக்கோ போப்போறியள்?"

ஆரபிக்கு மிகவும் கஷ்டம் தந்தது கெ, கே போன்ற எழுத்துகளில் வருகிற கொம்பு. அதை எழுத்துக்கு முன்னால் எழுத வேண்டும், ஆனால் அதன் சத்தம் பின்னால்தான் வரும். இதை யோசித்து வைத்தவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வரும். பிள்ளை அட்டையை எறிவாள். அழுவாள். மாரி வந்தது, படகுகள் கரையேறின, அட்டைகள் வீட்டு விறாந்தைக்கு இடம் மாறின. சில நாள் முன்னேற்றம், சில நாள் நேற்று வந்ததும் மறந்துபோகும்.

நான் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கலாம். ரீச்சரின் கட்டளை. என் வாயை நம்ப ஏலாதாம். அதனால் அந்தப் பத்து மாதமும் நான் ஒன்றையும் பார்க்கவில்லை, கேட்க மட்டும் கேட்டேன். எப்போதும் ஆரபியின் குரல்தான் கேட்கும். தட்டித் தடவி ஒரு சத்தம், இன்னொரு சத்தம், பிறகு இரண்டையும் சேர்த்து. தை மாதம் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்து மெல்லச் சொன்னாள். "ப... ழு... து. பழுது. பழுது பார்க்... கப்... படும்." சைக்கிள் கடைப் பலகை. ஒருவரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை. நான் மூச்சுக்கூட விடவில்லை, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அடுத்த சித்திரை வந்தது. இந்த முறை அவரவர் தங்கள் பழைய நிறத்துக்குத் திரும்பினார்கள். அண்ணர் மட்டும் நீலத்தையே மறுபடி அடிக்கச் சொன்னார். பெயரை மாற்றப் போகிறேன் என்றார். சிவரூபன் எழுதி முடித்ததும் தறப்பாளால் மூடி வைத்தார்கள். என்ன பெயர் என்று கேட்டால் அண்ணர் சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

பறுவத்துக்கு முதல் நாள் காலை. போன வருடம் சிரித்த அதே சனம். அண்ணர் ஆரபியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேண்டாம் அண்ணை, இத்தனை பேருக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன். அதோடு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றேன்.

தறப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடல்தான் கேட்டது. எவ்வளவு நேரமோ. தாங்க முடியாமல் தலையைத் திருப்பினேன். ஆரபி என்னைப் பார்க்கவில்லை. தகப்பனையும் பார்க்கவில்லை. படகுக்கு மிக அருகில் போய், எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொ... மே... லி." நிறுத்தினாள். "பொமேலி."

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. அவள் வாசித்தது சரிதான், ஆனால் அது என்னவென்று அவர்களுக்கும் விளங்கவில்லை, அப்படி ஒரு பெயரை அவர்களும் அப்போதுதான் வாசித்தார்கள்.

"அப்பா, அப்பிடியெண்டால் என்ன?"

"ஒண்டுமில்லையம்மா" என்றார் அண்ணர். "ஒண்டுமே இல்லை. நீ வாசிச்சிட்டாய், அவ்வளவுதான்."

அப்பாடா. அந்தச் சொல்லை நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று பிறகு சனம் சொன்னது. மணலில் அப்படியே குந்திவிட்டேன். அண்ணி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். வலைக்காரர் யாரோ பழைய ஞாபகத்தில் பிள்ளைக்கு ரொபி நீட்டினார். அவள் உறையைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டுத்தான் வாயில் போட்டாள்.

சனம் கலைந்த பிறகு தூரிகை கழுவிக்கொண்டிருந்த சிவரூபனிடம் போனேன்.

"நல்லா எழுதியிருக்கிறாய். பேரை ஆர் தந்தது? ஜெசிதா ரீச்சரோ?"

"நீங்கள்தானே அக்கா எழுதிக் குடுத்துவிட்டனீங்கள்?"

"நானோ?"

"தியாகு அண்ணை கொண்டுவந்து தந்தவர். நான் நீங்கள்தான் எண்டு நினைச்சன். ஆனால் உங்கடை எழுத்து இவ்வளவு மோசமில்லை எண்டும் யோசிச்சனான்."

சேட்டுப் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்துத் தந்தான். பிஸ்கற் பெட்டி அட்டை. பென்சிலால் பெரிதாக, அட்டை பள்ளமாகும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது. பொ, பிறகு ம, அதற்குப் பின்னால் ஒரு கொம்பு. அந்தக் கொம்பைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, ம-வுக்கு முன்னால் ஒன்று போட்டிருந்தது. பிறகு லி.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணர் படகோடு சாய்ந்துகொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்தான் கேட்டது. இரண்டு பேர் படித்திருக்கிறார்கள்.

"என்ன பாக்கிறாய் நாகேஸ்?" என்று கூப்பிட்டுக் கேட்டார். "சரியோ?"

"சரி அண்ணை" என்றேன். "சரியா எழுதியிருக்கிறியள்."

இப்போதும் அவர் படிவத்தோடு கவுண்டருக்கு வருவார். நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டுவேன். "பொறு, நான் பாக்கிறன்" என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் அவர்களை ஏசி அடக்கிவிட்டு, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி காத்திருப்பேன்.